ஆக்ஸில் கட்!

ஆபீஸுக்கு லேட்டாகப் போகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இன்றுவரை மவுசு குறையாதது ஒன்று உண்டு. "பஸ்ஸு ஆக்ஸில் கட், ஸார்!" அவ்வளவுதான். பாட்டி செத்துப் போனதைக்கூட 'எந்தப் பாட்டி, போன வருஷம் செத்தவங்களா?' என்று குடைகிற மேனேஜர்கள், ஆக்ஸில் என்றதும் பரிதாபமாகத் தலையாட்டி விடுவார்கள். ஆக்ஸில் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எப்போதுமே தனி மரியாதை.

லாரியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். (நின்றுகொண்டிருக்கும் லாரியாக இருப்பது நல்லது.) இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே தடித்த இரும்புக் கூடு ஒன்று குறுக்கே போகும். மேலே இருக்கிற நெல் மூட்டை, சிமென்ட் மூட்டை பாரமெல்லாம் அந்தக் கூட்டின் தலையில்தான். சக்கரங்கள் கூட்டின் இரண்டு முனைகளிலும் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்ஸில் ஷாஃப்ட் கூட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுகிற ஒரே வேலையைப் பார்க்கிறது. அது ஒடிந்தால் வண்டி நகராது, விழவும் விழாது. டிரைவர் ரோட்டில் நாலு கல்லை அடுக்கி, ஒரு வேப்பங்கிளையை ஒடித்துச் சொருகிவிட்டு நிழலில் துண்டை விரிப்பார். கிளீனர் பக்கத்து ஊருக்குப் போய் புது ஷாஃப்டைத் தோளில் சாத்திக்கொண்டு வருவான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பழசை உருவி, புதுசைச் சொருகி, 'ரைட் போலாம்' என்று கிளம்பிவிடலாம். சக்கரத்தைத் தொடவே வேண்டாம்.

என் மச்சானின் காரில் கதை வேறு. அதில் ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் சேர்ந்து விடைபெற்றுக்கொள்ளும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. உழவர்கரைவாசி. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நுழையாமல் 'ஊல்கரே' ஆகி, பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்தும் இங்கிலீஷ் எழுத்துகளில் அந்தக் குளறுபடியோடே இருக்கிறதே, அந்த ஊர்தான். உழவர்களைத் தேடினால் கிடைப்பது சிரமம். ஆனால் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் என்று இரண்டு தொழிற்பேட்டைகள் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமே கிடையாது. பழைய கார் வைத்திருப்பவனுக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது.

வண்டி, 2 கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மச்சான் அதை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்பான். என் மனைவி 'தகர டப்பா' என்பாள். நியாயமாகப் பார்த்தால் மச்சான் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் ஹெரால்டை வெளியிட்டது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. மற்ற கம்பெனிகள் உடம்பும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், இது தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக உடம்பை போல்ட் போட்டு முடுக்கிய கார். முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்துத் தர அவர்களுக்குத் தோதான ஆள் கிடைக்காததுதான் காரணம். அதே சட்டத்தின் நீளத்தைக் குறைத்து, மேலே வழவழவென்று இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பை வைத்து, அதே மிக்கெலோட்டியின் கைவண்ணத்தில் 1962-ல் வந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபையர். அசல் ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்க ஆக்ஸில் அமைப்பும் அதே கதைதான். ஆகவே பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் மச்சானிடம் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார். நிமிர்ந்து பார்த்தால் ஹெரால்டு.

நம் ஊரில் ஹெரால்டைச் செய்தது சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இங்கிலீஷ்காரனிடம்கூட இல்லாத 4 கதவு ஹெரால்டை அவர்கள்தான் உலகத்திலேயே முதலும் கடைசியுமாகச் செய்தார்கள். எஞ்சின் 948 சி.சி. இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றின் எஞ்சினே இதைவிடப் பெரிசு. அதை மச்சானிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பின் ஆக்ஸிலுக்கு வருவோம். இதில் குறுக்கே போகிற கூடு கிடையாது. நடுவில் டிஃபரென்ஷியல் உருண்டை சட்டத்தோடு சேர்ந்து நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஷாஃப்ட். உள் முனையில் யூ.ஜே. எனப்படும் கிராஸ் ஜாயின்ட்; அதனால் ஷாஃப்ட் பறவையின் இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். வெளி முனையில் சக்கரம். மேலே வில்லை வளைத்து வைத்தாற்போல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரத்தை மேலே பிடித்திருப்பது அந்த ஸ்பிரிங். கீழே பிடித்திருப்பது? ஷாஃப்டேதான்! முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க ஒரு சின்னக் கம்பி உண்டு, அதோடு சரி. சுற்றவும் வேண்டும், பாரமும் தாங்க வேண்டும், சக்கரத்தை நேராக நிறுத்தவும் வேண்டும். டைப்பும் அடித்து, டீயும் வாங்கி வந்து, மேனேஜர் பையனை ஸ்கூலிலும் விடுகிற தற்காலிக ஊழியர் உங்கள் ஆபீஸிலும் இருப்பாரே, அந்த மாதிரி.

இப்படி இறக்கை ஆக்ஸில் வைத்ததில் ஹெரால்டு தனி இல்லை. ஃபோக்ஸ்வேகன் வண்டு கார், கதவு மேலே திறக்கிற மெர்சிடிஸ் 300 எஸ்.எல். எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஜாதிதான். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துகொள்ளப் பார்க்கும் என்பது இவற்றின் பரம்பரைக் குணம். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-ல் கார் கம்பெனிகளை உண்டு இல்லை என்று ஆக்கிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இப்படிப்பட்ட ஆக்ஸில் வைத்த ஷெவர்லே கார்வேரைப் பற்றியதுதான். ட்ரையம்ஃப் கம்பெனி 1970-ல் வந்த ஸ்பிட்ஃபையரில் ஸ்பிரிங்கை அசைந்து கொடுக்கிற மாதிரி மாற்றி நிலைமையைச் சமாளித்தது. நம் வண்டலூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. ஹெரால்டுக்கு அடுத்து வந்த 'கெஸல்' காரில் இந்த ஆக்ஸிலையே தூக்கிவிட்டு, லாரி மாதிரி குறுக்குக் கூட்டைப் போட்டுவிட்டார்கள். நம் ரோட்டையும் நம் மெக்கானிக்குகளையும் அறிந்தவர்கள் எடுத்த முடிவு.

மச்சானின் வண்டியில் கொஞ்ச நாளாகவே கிளட்ச்சை விடும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். மெதுவாகப் போகும்போது எலிக்குஞ்சு மாதிரி 'கிரீச் கிரீச்'. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, என் பெண் எல்லோரையும் மகாபலிபுரம் கூட்டிப் போவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"சத்தம்தானே மாமா, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சா தெரியாது" என்றான்.

ஒரு நல்ல காரியம், மேஸ்திரியிடமும் காட்டினான். மேஸ்திரிக்கு வயது 70-க்கு மேல். ஹெரால்டுகள் ஊரெல்லாம் ஓடிய காலத்தில் அவற்றின் அடியில் படுத்தே வளர்ந்தவர். குனிந்து டார்ச் அடித்தார். கிராஸின் கப்பைச் சுற்றி மஞ்சள் குங்குமம் அப்பியது போல் சிவப்பாகத் தூள்.

"துருப்பொடி சாரு. உள்ள ஊசியெல்லாம் மாவாப் போச்சு. இதக் கழட்டாம எங்கியும் போவாதீங்க."

மகாபலிபுரம் ரத்தானது. வேலை ஆரம்பித்தது.

என் பங்கு, பிரேக்கை மிதிப்பது. சக்கரம் தரையில் இருக்க, நான் பிரேக்கை மிதிக்க, மேஸ்திரி நீளமான பைப்பை ஸ்பானரில் மாட்டி ஹப் நட்டைத் தளர்த்தினார். (எல்லாம் அங்குல ஸ்பானர்கள். புது மில்லிமீட்டர் செட்டைப் பளபளவென்று கொண்டுவந்த மச்சான் அதை அப்படியே திரும்ப எடுத்து வைத்தான்.) பிறகு சட்டத்துக்கு ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், முன்னால் போகும் கம்பி எல்லாவற்றையும் விடுவித்தார்.

இதற்கப்புறம்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். சக்கரம் கழன்று தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கீழே பாயவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்ஸார்பர். அதன் போல்ட்டை 'இது ஒண்ணு பாக்கி' என்று உருவினீர்களானால், அந்த வில் மொத்தமும் உங்கள் முழங்கை மேல் இறங்கும். ஹப்புக்கு அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்து, பாரத்தை அதில் ஏற்றி, ஷாக் அப்ஸார்பரைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கி, ஸ்பிரிங் சாதுவான பிறகுதான் அதன் போல்ட்டைத் தொட வேண்டும். கடைசியாக உள் பக்கம் 4 போல்ட். அவ்வளவும் போனதும் ஷாஃப்ட், ஹப், பிரேக் தட்டு எல்லாம் குடும்பத்தோடு கைக்கு வந்துவிடும்.

ஹப்பை ஷாஃப்டிலிருந்து பிரிப்பதுதான் ஆளைக் கொல்லும். கூம்பு மாதிரி சரிந்த முனையில் ஹப் இறுகி உட்கார்ந்திருக்கும். எத்தனையோ வருஷமாக அசையாத ஹப். மூணு கால் புல்லரைப் போட்டு இழுத்தால் ஹப் வராது, அதன் விளிம்புதான் வளையும். மேஸ்திரி தட்டாஞ்சாவடியில் தெரிந்த பட்டறைக்கு எடுத்துப் போனார். அவரிடம் சொந்தப் புல்லர் இருந்தது. ஒரு விரல் தடிமனில் வட்ட இரும்புத் தட்டு. அதை வீல் போல்ட் நாலிலும் மாட்டி, நடுவில் பெரிய ஸ்குரூவை இறுக்க வேண்டும். இறுக்கினார். சுத்தியலால் ஸ்குரூ தலையில் ஒரு தட்டு. மறுபடி இறுக்கினார். அசையவில்லை.

"அப்டியே வுட்டுட்டு டீ சாப்ட்டு வருவம்."

டீக்கடையில் பாதி டம்ளர் காலியாகும்போது பட்டறையிலிருந்து 'டமார்' என்று ஒரு வெடி. தெருவில் போன ஒருவர் சைக்கிளிலிருந்து குதித்துவிட்டார். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துடுச்சு" என்று மிச்ச டீயைக் குடித்தார்.

கிராஸ் போனது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஷாஃப்டில் காத்திருந்தது. வெளி முனையில் ஹப்புக்கு உள்பக்கமாக ஓர் ஊசி பேரிங் உண்டு. சாதாரண பேரிங் போல அதற்கு உள்வளையம் கிடையாது. ஊசிகள் ஷாஃப்டின் மேலேயே நேராக உருளும். கிரீஸ் போகாவிட்டால் அவை ஷாஃப்டையே தின்ன ஆரம்பிக்கும். அங்கே கிரீஸ் கொடுக்க ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைக் கழற்றி நிப்பிள் மாட்டித்தான் அடிக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த மூடி ஃபாக்டரியில் போட்டது போட்டபடி, பெயின்ட்கூட உரியாமல் இருக்குமாம்.

(வேடிக்கை என்னவென்றால், இதே வண்டியில் முன்பக்கம் பித்தளையில் ட்ரன்னியன் என்று ஒன்று. அதற்கு கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான். உலகம் முழுக்க அங்கே கிரீஸை அடித்து அடித்தே முன்சக்கரத்தை மடக்கியிருக்கிறார்கள். கேட்கிற இடத்தில் கொடுக்காமல், வேண்டாத இடத்தில் திணிப்பது நமக்கு மட்டுமே உரிய குணம் இல்லை.)

மேஸ்திரி துணியால் ஷாஃப்டைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தை அதன் மேல் மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் இழுக்க வைத்தார். கண்ணுக்கு லேசான கோடு. நகத்துக்கு வாய்க்கால்.

"இங்கதான் ஒடியும்" என்றார். "உள்ளாற ஒடிஞ்சா சக்கரம் மடங்கிப் படுத்துக்கும். வெளிய ஒடிஞ்சா டிரம்மோட கழண்டு, வண்டிக்கு முன்னாடி அது போவும். பாத்திருக்கேன்."

மச்சான் ஒன்றும் பேசவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஓட்டிப் போக இருந்தவன். நானும் பேசவில்லை. என் பெண் எப்போதும் பின் ஸீட்டில் இடது பக்கம்தான் உட்காருவாள். கழற்றி வைத்திருந்தது இடது ஷாஃப்ட்.

பட்டறைக்காரர் உதவ வந்தார். "இன்னா மேஸ்திரி, இதுக்குப் போய் முழிக்கிறீங்க! பள்ளத்துல வெல்டிங் வச்சு ரொப்பி, கடைஞ்சு, பாலிஷ் போட்டு சாயங்காலமே குடுத்துடறேன். புதுசு தோத்துடும்."

நம் ஊரில் இது சாதாரண வைத்தியம். அவர் ஏமாற்றவும் இல்லை. எத்தனையோ தண்டுகளை அப்படித் தேற்றி ஓட வைத்தவர். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டார். ஷாஃப்ட் பக்குவமாகக் காய்ச்சி, குளிர்வித்து உறுதியேற்றிய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பக்குவம் போய்விடும். வெல்டு நிற்கும், அதற்குப் பக்கத்தில் சூடு பட்ட இடம் நாள்பட நாள்பட விட்டுக்கொடுக்கும். மற்ற வண்டியானால் ஒடிந்த இடத்தில் நிற்கும், தள்ளிக்கொண்டு வரலாம். இதில் எதை நம்பித் தள்ளுவது?

வலது பக்கத்தையும் கழற்றினோம். இரட்டைப் பிள்ளை. அதே இடம், அதே பள்ளம்.

மச்சான் சென்னைக்கு பஸ் ஏறினான். புதுப்பேட்டை! ஒரு காரை உள்ளே விட்டால் மறுமுனையில் ஸ்குரூ ஸ்குரூவாக வெளியே வரும் என்பார்களே, அந்தப் பேட்டை. நாள் முழுக்க அலைந்து, ராத்திரி பஸ்ஸில் துணிக்கடைப் பைக்குள் இரண்டு பழைய ஷாஃப்டுகளோடு வந்து சேர்ந்தான். கண்டக்டர் 'லக்கேஜ்' கேட்டாராம். இரண்டிலும் நகம் தட்டவில்லை. மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மேஸ்திரி மலரவில்லை. இரண்டையும் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். காலையில் ஈரம் போகத் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த சாக்பீஸ் பொடியைப் பூசி வெயிலில் வைத்தார். திருநீறு பூசிய பண்டாரங்களாக இரண்டும் திண்ணையில் படுத்திருந்தன. காய்ந்ததும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கோடாகக் காட்டிக் கொடுக்கும். எக்ஸ்ரே இல்லாத காலத்து எக்ஸ்ரே.

ஒன்று சுத்தம். இன்னொன்றில், சாவி உட்காரும் பள்ளத்தின் மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரை அங்குலம் நீண்டது. நேற்று வரை நல்ல ஷாஃப்ட்!

மிச்சம் ஒன்றுக்கு இங்கிலாந்தைத்தான் நாட வேண்டியிருந்தது. அங்கே ஹெரால்டு, ஸ்பிட்ஃபையர் பைத்தியங்கள் நிறைய. கம்பெனி போனால் என்ன என்று அவர்களுக்காகவே இன்றைக்கும் புது ஷாஃப்ட் செய்து விற்கிறார்கள். அளவெல்லாம் எழுதிப் போட்டு, சாமான் வந்து சேர்வதற்குள் செங்கல் மேல் நின்ற காருக்கு அடியில் தெருப் பூனை ஒன்று பிரசவித்து, குட்டிகள் கண் திறந்து, ஒன்று என் வீட்டுக்கே குடிவந்துவிட்டது. விலையைப் பற்றி மச்சான் வாய் திறக்கவில்லை. அக்காவிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

கிராஸ் மாட்டுவது பொறுமைக்கு வைத்த பரீட்சை. கூட்டல் குறி மாதிரி இரும்பு. நாலு முனைக்கும் நாலு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் வரிசையாகக் குட்டிக் குட்டி ஊசிகள், கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கப்பை வைஸில் வைத்து அழுத்தும்போது ஒரே ஓர் ஊசி சாய்ந்து அடியில் படுத்துவிட்டாலும் கப் முழுசாக உட்காராது, சர்க்ளிப் காடிக்குள் விழாது. மூன்று கப் அழகாக உட்கார்ந்தது. நாலாவது முரண்டு பிடித்தது.

"இன்னும் ஒரு அடி அடிச்சா போயிடும் மேஸ்திரி" என்றான் மச்சான், சுத்தியலோடு.

"போவும். ஊசி ஒடிஞ்சு போவும். கழட்டு."

கழற்றினோம். அடியில் ஓர் ஊசி நிம்மதியாகப் படுத்திருந்தது. நிமிர்த்தி வைத்து அழுத்தியதும் சர்க்ளிப் 'டிக்' என்று விழுந்தது. அந்த 'டிக்' கேட்பதற்காக ஒரு மனிதன் முக்கால் மணி நேரம் மூச்சை அடக்கியிருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மற்றதெல்லாம் கழற்றியதற்குத் தலைகீழ். ஒரு விஷயம் மட்டும்: ஸ்பிரிங், கம்பி போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறின பிறகு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிரேக்கில் காற்றை எடுத்தோம். மறுபடி நான்தான் மிதித்தேன். ஊசி பேரிங்குக்கு நிப்பிள் மாட்டி கிரீஸ் கொடுத்தார் மேஸ்திரி. மூலகுளம் வரை போய்த் திரும்பினோம். 'டொக்' இல்லை, எலிக்குஞ்சு இல்லை. திரும்பி வந்ததும் உள் போல்ட் எட்டையும் மறுபடி ஸ்பானர் போட்டுப் பார்த்தார்.

மகாபலிபுரம் போய் வந்தாயிற்று. வளைவுகளில் மச்சான் மாட்டு வண்டி வேகத்தில் போனான். மாருதிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. "ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னியே மாமா?" என்று என் பெண் கேட்டாள். அவன் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

பள்ளம் விழுந்த இரண்டும், கோடு விழுந்த ஒன்றுமாக மூன்று ஷாஃப்டுகள் மேஸ்திரி வீட்டு வாசலில் கிடந்தன. பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மேஸ்திரி அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, கட்டிங் மெஷினை எடுத்து மூன்றையும் நடுவில் இரண்டிரண்டாக அறுத்தார். தீப்பொறி வாசல் கோலம் வரை பறந்தது.

"என்னா மேஸ்திரி, முழுசாக் குடுத்தா புதுப்பேட்டையில நல்ல வெலைக்குப் போவுமே!" என்றார் இரும்புக்காரர்.

"அதான் அறுத்தேன்" என்றார் மேஸ்திரி. "எட போடு."